ரொட்டிக்காரர் தோற்ற வருடம்

ஆல்டன் யார்ட்ஸ் தொகுதியை
இந்த மார்ச்சோடு கலைத்துவிட்டார்கள்.
வினிபெக் வரைபடத்தில் அது
ரயில் யார்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே
ஓரம் கடித்துவைத்த பிஸ்கோத்து.
வடபாதி ஒரு தொகுதிக்கு, தென்பாதி இன்னொன்றுக்கு.
காரணம் கடிதத்தில் ஒரே வரி:
மக்கள்தொகை சமநிலை.

முப்பத்தோரு வருடம்
உக்ரேனியக் கோவிலின் கீழ்த்தளத்தில்
முட்டைக்கோசு வாசனைக்குள் உட்கார்ந்து
சீட்டு எண்ணியவள் நான்.
அதற்கு முந்தியதெல்லாம் பேரேட்டில் படித்தது.
பாதி வதந்தி.

முதலில் ஜெயித்தவன் ஒரு கொதிகலன் தொழிலாளி.
நான்கு மொழியில் ஓட்டுக் கேட்டான்,
நான்கிலும் திக்கினான்.
அந்த வருடப் பட்டியலில் பெண்களுக்குக்
கணவன் பெயர்தான் பெயர்.
‘மிஸஸ் ஸ்டீவ் கோவல்’ என்ற அச்சின் மேல்
யாரோ பென்சிலால் அழுத்தி எழுதியிருக்கிறார்கள்:
பரஸ்கெவியா.
தாளின் பின்பக்கம் தடவினால்
இன்றும் விரலில் இடறுகிறது.

ஐம்பத்து மூன்றில்
ஏர்னஸ்ட் ரூலெட் வந்தார்.
இத்தாலியில் சண்டை போட்டவர், மூன்று பதக்கம்,
நாற்பத்தோரு வயது, முதல் ஓட்டு.
ஒப்பந்தக் குடியினருக்கு அதுவரை
இந்த மாகாணத்தில் ஓட்டு இல்லை.
தட்டிக்குப் பின்னால் பதினோரு நிமிடம்.
பென்சில் முனை உடைந்ததா என்று கிளார்க் கேட்க,
“இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்றாராம்.

பிறகு ஐம்பத்தெட்டு.
ரொட்டிக்காரர் மெண்டல் க்ரோவருக்கும்
காப்பீட்டு ஏஜென்ட் டக்வொர்த்துக்கும்
ஆளுக்கு 3,118.
மூன்று முறை எண்ணினார்கள். மூன்று முறையும் அதே.
சட்டப்படி தேர்தல் அதிகாரி பங்க்ராட்ஸ்
எல்லார் கண்ணெதிரே ஒரு ஓட்டுப் போட வேண்டும்.
போட்டார். டக்வொர்த்.
அந்த வாரத்திலிருந்து அவர்
கம்பு ரொட்டி வாங்க
ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனார்.
க்ரோவரோ சனிக்கிழமைதோறும்
பங்க்ராட்ஸ் வாசலில் ஒரு கறுப்பு ரொட்டி வைத்துவிட்டுக்
கதவைத் தட்டாமல் திரும்பினார்,
நாலு வருடம், பனியிலும்.
அன்பா தண்டனையா என்று
பேரேட்டில் இல்லை.

பிறகு நீண்ட காலம்
கழுதையை நிறுத்தினாலும் ஜெயிக்கும் கட்சி.
நின்றவர் யாரென்றுகூட நினைவில்லை,
ஒருவர் நன்றாக அக்கார்டியன் வாசிப்பார்.
பட்டியலில் ‘-சுக்’கும் ‘-ஸ்கி’யும் தேய,
தையல் ஆலைகளிலிருந்து
திமாகுலாங்கான்கள் வந்தார்கள்.
முந்தைய இரவு அடுப்படியில் நின்று
அந்தப் பெயரைச் சொல்லிப் பழகினேன்.
மறுநாள் அவள் சிரித்தாள்:
“போன முறை என்னை டிமிட்ரி என்று கூப்பிட்டார்கள்.”

நூற்றுக்கு எழுபத்திரண்டு, அறுபத்தைந்து,
ஐம்பது, முப்பத்தாறு.
கடைசித் தேர்தலில் இருபத்தொன்பது.
மதியம் முழுக்க நாங்கள் சீட்டாடினோம்,
வேறு சீட்டு.

அன்று இரவு ஒரு வாக்குச்சீட்டில்
எந்தப் பெயருக்கு எதிரிலும் குறி இல்லை.
கீழே, பள்ளிக்கூடக் கையெழுத்தில்:
எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை.
மற்றபடி நலம்.
முகவர்கள் இருவரும் அன்று முதல்முறையாக ஒத்துப்போனார்கள்:
செல்லாது.
உறையில் போட்டு ஒட்டினேன்.
எச்சிலில் கோந்து கசந்தது.

யாருடையது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.
நடக்கத் தடை இல்லையே.
நவம்பரில் ஒவ்வொரு தெருவாக நடந்தேன்.
இருட்டாக இருந்தவை நான்கு.
மூன்றில் வீடே இல்லை, யார்டின் வேலி.
நான்காவதில் ஒரே ஒரு கம்பம்,
பல்பு இருக்க வேண்டிய இடத்தில் குருவிக்கூடு.

புதிய வரைபடம் தபாலில் வந்தது.
எல்லைக்கோடு அந்தத் தெருவின் நடுவே போகிறது.
இரண்டு அலுவலகத்துக்கும் போன் செய்தேன்.
கம்பம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது
என்றார்கள், இருவருமே,
மிகவும் மரியாதையாக.