கேட்டு

டொங்காட் மேட்டில் ஏறும்போதே
நான் வருவது தெருவுக்குத் தெரியும்.
எண்பத்தேழாம் வருஷத்துக் கொரோலா,
கடலுப்பு தின்ற அடிவயிறு.
சைலன்சர் என்று பெயர் மட்டும்தான்;
அதில் விழுந்த ஓட்டைக்குள்
என் கட்டைவிரல் போகும்.

ஆஸ்பத்திரி லாண்டரியில் ராத்திரி வேலை.
விடிகாலை நாலரைக்குத் திரும்பினால்
மூன்று நாய், ஒரு கைக்குழந்தை,
பிறகு எதிரே மிஸஸ் ராம்லக்கன் வீட்டு விளக்கு.
இந்த வரிசையில்தான் எழும்.
போன வெள்ளிக்கிழமை
தபால்பெட்டியில் ஒரு காகிதம், பெயர் போடாமல்:
‘தயவுசெய்து.’
அவ்வளவுதான், ஒரே வார்த்தை.

புதுசு வாங்கியாயிற்று.
பழசு வரமாட்டேன் என்றது.

சனிக்கிழமை வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
மல்லாந்து உள்ளே நுழைந்தேன்.
பூபாலன் குனியக்கூடாது, முதுகில் ஆபரேஷன்.
டார்ச் பிடிப்பது அவர் வேலை.
நான் பார்க்கும் இடம் தவிர
எல்லா இடத்திலும் வெளிச்சம் அடித்தார்.

நட்டு உருண்டுபோயிருந்தது,
ஸ்பேனர் பற்ற ஒரு மூலை இல்லை.
கிளாம்பை ரம்பத்தால் அறுத்தேன்.
ரப்பர் வளையங்கள் சோப்புத் தண்ணிக்கு இளகின.
குழாய்க்குள் குழாய் செருகிய அந்த நாலு விரற்கடை மட்டும்
எது குழாய், எது சைலன்சர், எது துரு,
கோடே தெரியவில்லை.
முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்தேன்.
ஊறியது தரைதான்.
திருகினேன். வண்டி முழுக்க ஆடியது,
அது ஆடவில்லை.
கண்ணில் துரு, பல்லில் துரு.
அந்த நேரம் பார்த்துக் கரும்புத் தோட்டத்தைக் கொளுத்திவிட்டார்கள்;
கரிச்சுருள் இறங்கி இறங்கி
கொடியில் இருந்த வெள்ளைத் துணியெல்லாம் போச்சு.

வேலிக்கு மேல் டுமிசானியின் தலை.
“சிஸ் தேவகி, சுட்டால் வரும்.”
பெட்ரோல் டேங்கை ஈரச் சாக்கால் மூடி
அவனுடைய கேஸ் அடுப்பு நாக்கால் நக்கவிட்டோம்.
செக்கச் சிவந்தது, அழகாகத்தான் இருந்தது.
வரவில்லை.

தலையணை உறை மாட்டிக்கொண்டால் லாண்டரியில் என்ன செய்வோம்?
இழுக்கமாட்டோம். தையலைப் பிரிப்போம்.
வெளித்தகட்டை மட்டும் நெடுக அறுத்தேன்,
உள்குழாயில் ரம்பப் பல் படாமல்,
மூச்சை எண்ணி எண்ணி.
பிளவில் உளியை வைத்து ஒரு தட்டு.
கடலைத் தோடு மாதிரி வாய் பிளந்து
நேரே என் நெஞ்சில் விழுந்தது.
மூவரில் கத்தியது யார் என்று
இன்னும் தகராறு.
குலுக்கினால் உள்ளே தகடுகள், உண்டியல் சத்தம்.
டுமிசானி எடைக்குப் போட எடுத்துப்போனான்.

திங்கள் விடிகாலை, நாலரை.
மேட்டில் ஏறுகிறேன்,
எஞ்சின் ஓடுகிறதா என்று எனக்கே சந்தேகம்.
ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கிரீச்.
பின்கதவில் ஒரு தடதடப்பு.
இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் நீங்களெல்லாம்?
நாய்கள் அசையவில்லை, குழந்தை அழவில்லை.
வாசலில் கேட்டு,
உள்பக்கம் பூட்டு.

பதினோரு வருஷமாக
ரவுண்டானா திரும்பும்போதே என் சத்தம் கேட்டு
கேட்டைத் திறந்து நிற்பார் பூபாலன்,
ஒரு கை லுங்கியில், ஒரு கை சாவியில்.
இருட்டில், பூட்டிய கேட்டுக்கு முன்னால்
இந்த ஊரில் எவரும் வண்டியை நிறுத்துவதில்லை.
நானும் நிறுத்தியதில்லை.
ஆக்சிலேட்டரை மிதித்தேன்:
மரியாதையான ஒரு முனகல்.
ஹாரன் அடிக்கலாம்.
தயவுசெய்து.

எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது.
பழகிவிட்டது போல, அவளுக்கும், இந்த நேரம்.
திரை விலகுகிறது.
பார்க்கிறாள், என்னை, கேட்டை, மறுபடி என்னை.
கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.
திரை விழுகிறது.

பிறகு எங்கள் வீட்டுக் கூடத்தில்
டெலிபோன் அடிக்கிறது.
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது,
எனக்குக் கேட்கிறது.