எத்தனை அடியில்

அறுபத்துமூன்றாவது விண்ணப்பத்தில்
ஒரு கேள்வி இருந்தது:
ஆங்கிலம் உங்கள் தாய்மொழியா?
ஆம். இல்லை.
வேறொன்றும் எழுத இடமில்லை.
இல்லை என்று தொட்டேன்.
ஆர்வத்துக்கு நன்றி என்று பக்கம் மூடிக்கொண்டது.
அத்தனை மரியாதையாக
எங்கள் திருச்செங்கோட்டில்கூட
யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள்.

பகலில் சங்ககிரி ரோட்டில்
போர்வெல் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறேன்.
பிட்டு, சுத்தியல், கேசிங், ஓரிங்.
கிரீஸ் கையோடு வந்து நிற்கிறவர்கள்
போன வாரம் ஒடிசாவில் இருந்திருப்பார்கள்.
அடுத்த மாசம் ஒரு வண்டி தான்சானியா போகிறது.
கப்பலில் ஏற்றும்போது
உன் தாய்மொழி என்ன என்று
அதை யாரும் கேட்கப்போவதில்லை.
பாறையும் கேட்காது.

இரவில் சான்றிதழ்ப் படிப்பு.
நூற்றிருபது மணி நேரம், பதினெட்டாயிரம் ரூபாய்,
முடிவில் பொன்னிற முத்திரை ஒன்று, படமாக.
கூடப் படித்த கவிப்பிரியா தைவானுக்கு எழுதினாள்.
எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று மட்டும் கேட்டார்கள்.
இப்போது பெருந்துறையில்
பனியன் கம்பெனிக்கு மெயில் எழுதுகிறாள்,
பிழையே இல்லாமல்.

நேர்காணல்கள் விடிகாலை ஐந்தரைக்கு.
சுவரிலிருந்த ரிக் கம்பெனி காலண்டரைக் கழற்றுவேன்.
ஆணி மட்டும் தலைக்குப் பின்னால் நிற்கும்.
'செங்... கோட்...' என்று ஏறி
பாதியில் இறங்கிக்கொள்வார்கள்.
வேல் போதும் என்றேன்.
வெல், என்றாள் ஒருத்தி. வெல், வெல்,
ஏதோ சொல்லத் தொடங்குகிறவள்போல.
நல்லது என்றும் கிணறு என்றும்
அந்தச் சொல்லுக்குப் பொருள்.
எங்கள் ஊருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னொருவர் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்.
ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு 'மழை'.
பிள்ளைகள் யாரும் இல்லை,
பிள்ளையாக நடிக்கும் வழுக்கைத்தலை மேலாளர் மட்டும்.
விரல்களைச் சொட்டவிட்டேன்.
அவர் புரியாத மாதிரி விழித்தார்.
தோளைக் குறுக்கி நனைந்தேன்.
கரண்ட் போய்விட்டது.

அந்த வெல்காரிதான்
இரண்டாம் முறை கூப்பிட்டுக் கேட்டாள்:
உங்களோடு ஒரு மொழியும் பொதுவில் இல்லாத ஒருவருக்கு
எதையாவது கற்றுக்கொடுத்ததுண்டா?
மனப்பாடம் செய்த பதிலைத் தேடினேன்.
வாயில் வந்தது மங்ரு.

பஸ்தர்க்காரன். அவன் கோண்டி எனக்குத் தெரியாது.
என் தமிழ் அவனுக்குச் சோறு, டீ, நாளைக்கு வா.
ராடு மாற்றும்போது
யாரோ 'நிறுத்து' என்று கத்தியது
அவனுக்கு வெறும் சத்தம்.
இரண்டு விரல்.
அப்புறம் எங்கள் கடையில் பார்சல் கட்டினான்.
மத்தியானங்களில் பழைய இன்வாய்ஸின் முதுகில்
நான் படம் போட்டேன்.
அவன் மீதிக் கையால் சைகை காட்டினான்,
நான் சொல்லை எடுத்துக் கொடுத்தேன்.
ஸ்டாப். ஸ்லோ. அப். டவுன்.
எந்த டிரில்லருக்கும் புரிகிற நாலு சொல்.
ஸ்டாப்பை மட்டும்
தேவைக்கு மேல் உரக்கச் சொல்வான்.
ஆடிக்கு அப்புறம் வண்டியேறிப் போனான்.

வெல், என்றாள்.
பெயரா, பெருமூச்சா, தெரியவில்லை.

வியட்நாமில் ஆற்றோரம் ஒரு சின்ன ஊர்.
அதன் பெயரில் நானும்
பாதியில் இறங்கிக்கொள்கிறேன்.
பத்து மாச ஒப்பந்தம்.
டிக்கெட் என் செலவு.
சம்பளம், ஒரு டிரில்லர் வாங்குவதில் முக்கால்.

கடை முதலாளி நாச்சிமுத்து
கடிதத்தைக் கையில் வாங்கவில்லை.
எண்ணெய் படுமாம்.
'ஏப்பா, அங்கெல்லாம் எத்தனை அடியில தண்ணி?'
தெரியலீங்க.
'அதக்கூடக் கேக்காமயா கையெழுத்துப் போட்ட?'

ராத்திரி மெயிலில்
விசா, மருத்துவச் சான்று, வாடகை
எல்லாவற்றுக்கும் கீழே
அதையும் எழுதினேன்.
அனுப்பும் முன்
அடியை அழித்துவிட்டு
மீட்டர் என்று போட்டேன்.