தொண்டியிலிருந்து நாற்பது கிலோமீட்டர்

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
செல்போன் கடை நவநீதன்தான் முதலில் படித்தான்.
செத்த போன்களின் வயிற்றைத் திறந்து பார்க்கும் லென்ஸ்,
அதன் கீழே ஓர் அலுமினிய வளையம்,
ஒரு அரிசிமணி நுழையலாம், அவ்வளவுதான்.
"அக்கா, பம்பாய்க்குச் சொல்லச் சொல்லிப் போட்டிருக்கு.
பம்பாய் எதுக்கு, காரைக்குடியில நீங்க இருக்கீங்களே."

மார்கழி வெயில், ஜன்னலோர இருக்கை,
மடியில் ஒன்பது வருடத்துப் பதிவேடு.

கண்மாய்க் கரையில் அடைக்கலம் நின்றிருந்தார்.
நான் எதுவும் கேட்கவில்லை.
"கெளுத்திக்குப் போட்ட வலைம்மா.
விடிஞ்சு பாத்தா காலு சிக்கி, தலை தண்ணியில.
இத்தினியூண்டு உசுரு. குழம்புக்குக்கூடக் காணாது."
பத்தடி நடந்தபின்,
"வச்சோம்" என்றார்.

அவர் மனைவி பஞ்சவர்ணம்
தாலிக்கயிற்றை வெளியே இழுத்தார்.
இரண்டு ஊக்கு. ஒன்றில் முள்வாங்கி.
மற்றதில்
ஏபி 60417.

அன்று மாசி அமாவாசை.
தொண்டிக்குக் கிழக்கே
நீர் வற்றினால் மட்டும் தலைகாட்டும் மணல்திட்டு.
நிலவில்லாத இரவில்தான்
பறவைக்கு வலை தெரியாது.
எங்களுக்கும்தான்; நானே இருமுறை விழுந்தேன்.
துணிப்பையில் இட்டு எடை, இறக்கை விரித்து அளவு,
இடுக்கியின் வாய் மூடும்வரை மூச்சு விடவில்லை.
உள்ளங்கையில் கொஞ்சம் சூடு,
சூட்டுக்குள் ஒரு தையல் மிஷின்.
படகுக்கார செய்யது
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினார்:
ஏபி 60417. கொசு உள்ளான். 22 கிராம்.
அடுத்தடுத்த வரிகளில் சலித்துப்போய்
வெறும்
உள்ளான், உள்ளான், உள்ளான்
என்று வகுப்பு வாத்தியார் மாதிரி.

"பம்பாய்ல இருந்தா வந்துச்சு?"
இல்லை, அதைத் தாண்டி, இமயத்தைத் தாண்டி,
சூரியன் மறைய மறந்துபோகும் ஊர் என்றேன்.
ஒன்பது தடவை போய், ஒன்பது தடவை வந்து.
அடைக்கலம் வலையின் முடிச்சொன்றை
அவிழ்க்கத் தொடங்கினார், அவிழ்க்க எதுவும் இல்லாத இடத்தில்.

படிவத்துக்கு அது தேவையில்லை.
படிவம் இந்தப் பக்கத்து வீடு போல:
இந்தத் தெருவில் முன்வாசல்,
அடுத்த தெருவில் பின்வாசல்.
நடுவே எத்தனை கட்டு, எத்தனை முற்றம்
வெளியே நிற்பவருக்குத் தெரியாது.
இட்ட இடம்: தொண்டி.
கிடைத்த இடம்: இந்தக் கண்மாய்.
இரண்டு புள்ளிக்கும் நான் போடும் கோட்டின்படி
ஒன்பது வருடத்தில் அது நகர்ந்தது
நாற்பது கிலோமீட்டர்.
டவுன் பஸ் அதை ஒன்றேகால் மணி நேரத்தில் கடக்கிறது,
டீக்கு நிறுத்தியும்.

"வளையம் வேணுங்களா?"
எண் போதும், நீங்களே வச்சுக்கங்க.
பஞ்சவர்ணம் அதை உடனே உள்ளே போடவில்லை.
"பொட்டையா, ஆணா?"
பார்த்துச் சொல்ல முடியாது, இந்த இனத்தில்.
செய்யதின் கையெழுத்து மேல் விரல் ஓட்டி
எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"உள்ளான்னு போட்டிருக்கே.
அப்ப ஆம்பளைதான்."
பிறகு, தனக்கே சொல்வதுபோல்,
"இருக்கான்னும் போட்டிருக்கு."

பால்: தெரியவில்லை, என்று எழுதினேன்.
கிடைத்த விதம்: மீன் வலை.
குழம்பைப் பற்றிப் படிவம் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
நிலை என்ற கட்டத்துக்கு வந்தபோது
பேனாவில் மை இருந்தது,
இருந்தும் உதறினேன்.

கரையோரச் சேற்றில்
முப்பது இருக்கும், நாற்பது இருக்கும்,
எண்ணில்லாதவை,
குனிந்தபடி
தண்ணீரின் விளிம்பைத் தைத்துக்கொண்டே போயின.