ஓடைக்கு அந்தப் பக்கம்

நவம்பர் செவ்வாய், விடியாத ஐந்து மணி.
உடற்பயிற்சிக் கூடத்தின் விளக்குகள்
முனகி முனகித்தான் எரியத் தொடங்கும்.
கூடைப்பந்துத் தரை கீறிவிடாமலிருக்கப்
பழைய தார்ப்பாயை விரிக்கிறேன்.
அதன்மேல் ஏழு வாக்குத் தடுப்புகள்
ஒல்லிக் கால்களில்,
மீன் வராத குளத்துக் கொக்குகள் மாதிரி.

வாசலிலிருந்து நூறடி அளந்து
இரண்டு சின்னக் கொடிகள் நட வேண்டும்.
அதற்கு உள்ளே யாரும் ஆதரவு கேட்கக் கூடாது.
டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை;
உறைந்த மண்ணில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தி
அதில் மாட்டிக்கொண்டேன்.

பள்ளி வாரியத்தில் மூன்று இடம். நிற்பவர்கள் ஐந்து பேர்.
சீட்டின் அடியில் ஒரு கேள்வி:
கூரையை மாற்ற வரி போடலாமா, வேண்டாமா.
ஆறு வாரமாக மில்ப்ரூக்கின் புல்வெளிகள்
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.
ஒரு வீட்டில் 'வரி போதும்',
அடுத்த வீட்டில் 'பிள்ளைகள் முதலில்'.
தெருமுனை வீட்டு நாய் இரண்டு அட்டையிலும்
பாரபட்சமில்லாமல் காலைத் தூக்கியது.

கூரையைப் பற்றி எனக்குத் தெரியும்.
நூலகத்தில் இரண்டு வாளி, இசை அறையில் ஒன்று.
பன்னிரண்டாம் அறையின் வாளிக்குப் பிள்ளைகள்
கிரேயானில் முகம் வரைந்து ஒட்டி
மிஸ்டர் ப்ளிங்க் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.
மார்ச் மழையில் மணிக்கொரு தரம்
மிஸ்டர் ப்ளிங்க்கைக் காலி செய்கிறேன்.

கொடிக்கு வெளியே லோர்னா ஹாபெகர்,
மூக்கு சிவந்து, டோனட் பெட்டியுடன்.
"வர்ஜில், உங்கள் ஓட்டு எனக்குத்தானே?"
நான் ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறேன் என்றேன்.
அது வேறு பள்ளி வட்டாரம்.
இருபத்திரண்டு வருடமாக இங்கே தரை துடைக்கிறேன்,
என் சீட்டு விழுவதோ
நான் ஒரு நாளும் நுழைந்திராத பள்ளிக்கு.
நீட்டிய துண்டறிக்கை பாதியில் நின்றது.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.
டோனட்டைத் திரும்ப வாங்கவில்லை.
நல்ல மனுஷிதான்.

பகல் முழுக்க ஈரக் காலணிகள்.
பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற தாடியஸ் க்ரம்ரின்
தன் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை நிரப்பப்
பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.
வெளியே வந்து என் காதில் சொன்னார்:
"கள்ளக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கிறது."

அம்மா தடுப்புக்குள் இருந்த நேரத்தில்
ஒரு பையன் இல்லாத பந்தை வளையத்துக்கு எறிந்தான்.
விழுந்திருக்க வேண்டும்;
இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஓடினான்.

ஏழரைக்குக் கதவைப் பூட்டினேன்.
க்ரம்ரின் ஆறு ஓட்டில் போனார்.
கூரை இருநூற்றுப் பதினொன்றில்.
'நான் வாக்களித்தேன்' ஸ்டிக்கர்களைத்
தார்ப்பாயிலிருந்து கத்தியால் சுரண்டினேன், நாற்பது இருக்கும்.
ஒன்று என் காலணிக்கு அடியில் ஒட்டிக்கொண்டு
பாலம் தாண்டி வீடு வரை வந்தது.
வெர்னா அதைப் பார்த்துச் சிரித்தாள்:
"உன்னையும் சேர்த்துக்கொண்டார்களா?"

ஜனவரியில் மேடைமேல் ஐந்து நாற்காலி போட்டேன்.
பேச வருபவருக்கு மூன்று நிமிடம் காட்டும் கடிகாரத்துக்குப்
புது பேட்டரி போட்டேன்.
லோர்னா வலக்கையை உயர்த்தி
உறுதிமொழியின் இரண்டாம் வரிக்கு வந்தபோது
கூரைமேல் உருகிய பனி
அவர் பெயர்ப்பலகைக்கும் தண்ணீர்க் குவளைக்கும் நடுவே
ஒரு சொட்டாக விழுந்தது.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

எல்லோரும் மேலே பார்த்தார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நூலக வாளிகள் இரண்டும் நிரம்பியிருந்தன.
பன்னிரண்டாம் அறையைத் திறந்து
இருந்ததைத்தான் எடுத்து வந்தேன்.
மேசைமேல் வைக்கும்போது,
அதன் கண்களைச் சபையின் பக்கம் திருப்புவதா,
அவர் பக்கம் திருப்புவதா என்று
ஒரு கணம் கைப்பிடியை விடாமல் நின்றேன்.