ஆட்காட்டி

அந்தக் குளிர்காலம் மொண்டேவீடியோவில்
குழாய்த் தண்ணீர் கரித்தது.
ஓட்டுநர்கள் மாத்தே உறிஞ்சி முகம் சுளித்தார்கள்,
யாரோ அழுது முடித்த குவளை
கைமாறி வந்ததுபோல.

பணிமனைச் சுவரில் உத்தரவு:
பேருந்துக்கு வாரம் ஒரு குளியல்.
அதுவும் வாளியில்.
குடிக்கிற தண்ணீரில் சக்கரம் கழுவக் கூடாது.

இரவில் கழுவுகிறவர் வாஷிங்டன் பெரேய்ரா.
பெயர் அப்படித்தான், இந்த ஊரில் நெல்சன்களும் உண்டு.
பன்னிரண்டு லிட்டர் வாளி. இரண்டில் ஒரு வண்டியை முடித்தார்.
மூன்றாம் வாரம் ஒன்றரையில்.
பின்கண்ணாடிப் புழுதியில் பிள்ளைகள் எழுதிய கெட்ட வார்த்தைகள்
கடற்கரைத் தடம் முழுக்க ஊர்வலம் போயின.
ஓர் எழுத்துப்பிழையை மட்டும்
துணியால் திருத்தி அனுப்பினார்.

மீட்டர் எழுதுவது என் வேலை.
மாதக் கடைசியில் பார்த்தால்
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை.
மேலாளர் எச்செகாரே கழுவுமிடத்தைப் பார்த்தார்.
வாஷிங்டன் வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.
கொஞ்சம் சேறு விழுந்தது.

அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை.
மணி மூன்று. எல்லாக் குழாயும் மூடியாயிற்று.
கழிப்பறைச் சாவி என் பையில்.
டார்ச் அடித்தேன்:
கண்ணாடிக்கு அடியில் அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம்
நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது,
எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டியிராதவனைப் போல.

எங்கே?

பழைய டிராம் கொட்டகைப் பக்கம் ஆட்காட்டி கத்தியது.
டார்ச்சோடு ஓடினேன். வெறும் சரளைக்கல்.
அப்புறம்தான் உறைத்தது,
கூச்சல் ஓரிடம், முட்டை வேறிடம்,
அதன் பிழைப்பே அது.
எங்கள் பிழைப்பும்தான்:
உத்தரவு கழுவுமிடத்தில், ஓட்டை எங்கேயோ.

கத்தலுக்கு முதுகைக் காட்டி நடந்தேன்.
மதிலோரம், ஊரெல்லாம் புல் காய்ந்து கிடக்க,
ஒரு பேருந்து நீளத்துக்குப் பச்சை.
எல்லோரும் பார்த்ததுதான்.
மிர்தா அங்கேதான் ரொட்டி தின்பாள்.
அழகு என்று நினைத்தோமே தவிர
ஏன் என்று கேட்கவில்லை.
ஈரத்தில் கால் புதைந்தது.
நடுவில் நான்கு முட்டைகள்.

நாளுக்குப் பதினோராயிரம் லிட்டர்.
வாஷிங்டன் மனக்கணக்குப் போட்டார்:
தொள்ளாயிரம் வாளிக்கு மேல்.
அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

நாளைக்கே தோண்டு என்றார் எச்செகாரே.
வந்து பார்த்தார்.
பறவை இறக்கை முள்ளை நீட்டி அவர் தொப்பியைக் குறிவைத்தது.
வால்வை மூடு, தோண்டுவது அப்புறம் என்றார்,
தொப்பியைப் பிடித்தபடி.
உணவகக் குழாய் செத்தது.
மிர்தா தன் வெந்நீர்க் குடுவையை
எதிர் மருந்துக்கடையில் கெஞ்சி நிரப்பினாள்,
திட்டிக்கொண்டே, இருபது நாள்.

சிவப்புச் சக்கரம் நின்றது.
பச்சை ஓரங்களிலிருந்து மஞ்சளானது,
முட்டைகளை நோக்கி.

பதினெட்டாம் இரவு
வாஷிங்டன் மிச்சம் பிடித்த அரை வாளியோடு
மதிலோரம் போனதைப் பார்த்தேன்.
பறவை அவரையும் விரட்டியது.
தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடிவந்தார்.

ஏட்டைத் திறந்து எழுதினேன்:
கசிவு, ஆறு லிட்டர்.