ஒழுக வேண்டிய கப்பல்

வாரத்தில் ஐந்து நாள்
படூக்கா படகுத்துறையில்
நான் பற்றவைக்கும் இரும்பில்
ஒரு சொட்டு ஒழுகக் கூடாது.
ஒழுகினால் மேற்பார்வையாளர்
சுண்ணக்கட்டியால் அந்த இடத்தை வட்டமிடுவார்,
வட்டத்துக்குள் என் எண்ணை எழுதுவார்:
பதினேழு.

சனிக்கிழமையானால்
ஒழுகியே தீரவேண்டிய கப்பலுக்குத்
தோல் போர்த்துகிறேன்.

பால்சா மரம்.
நகம் பட்டால் பிறை விழும்.
எங்கள் விதிப்புத்தகம் கறார்:
இந்த உயரத்திலிருந்து இந்த எடை விழுந்தால்
சுவர் துளைபட வேண்டும்.
துளைபடாத சுவர் ஏமாற்று வேலை.
போன வருடம் ஒருவன்
உள்பக்கம் கண்ணாடி நார் பூசிவந்து மாட்டிக்கொண்டான்.
யாரும் திட்டவில்லை.
மதியச் சாப்பாட்டின்போது அவனருகே
ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது,
அவ்வளவுதான்.

காரைப் பனியில் நிறுத்திவிட்டு
அதன் கொட்டகையில் ஜனவரி முழுக்கக் கட்டினேன்
ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல்,
நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு.
அசலில் ஆட்கள் உறங்கிய இடத்தில்
பேட்டரி, பம்ப்,
வாயு அடைத்த புட்டி,
ஐம்பது எஃகுக் குண்டு.
ஏன் பிரெஞ்சு என்று கேட்கிறார்கள்.
வரைபடம் மலிவாகக் கிடைத்தது.

ஜூலையில், ஆற்றுக்கு அக்கரை, இல்லினாயில்
மாடுகள் நீர் குடிக்கும் குளம்.
கரை நெடுகக் கண்ணாடி மாட்டிய மனிதர்கள்,
தொப்புள் உயரத்தில் ரேடியோப் பெட்டிகள்.
பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும்
டெல்மர் ஆஸ்ட்ரான்டரின் ஜெர்மன் கப்பல்
திரும்புவதே தெரியாமல் திரும்பும்.
பேச மாட்டான்.
அவனுக்கும் சேர்த்து அவன் பீரங்கி பேசும்,
எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல.

அடிபட்ட கப்பலை யாரும் பார்ப்பதில்லை,
அதன் பம்ப் வெளியே துப்பும் நீரைப் பார்ப்பார்கள்.
என்னுடையது முதலில் நூலாக வந்தது.
பிறகு விரலாக.
"ஐந்து!" என்று கத்தினேன்.
ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்தால் கரையேறலாம்.
நான்காவது நிமிடம்
என் கப்பலின் தோல் சில்லொன்று
என் கப்பலின் பம்புக்கே தொண்டையில் சிக்கியது.
நீர் நின்றது.
குளமும் ஒரு நொடி நின்றது.
பின்புறம் முதலில் போயிற்று, அவசரமே இல்லாமல்,
பிறகு புகைபோக்கிகள்,
கடைசியாக வில்போல் வளைந்த அந்த மூக்கு,
இரண்டு ஞாயிறு உப்புத்தாள் தேய்த்தது.

கப்பல் கவிழ்ந்தது.
கன்னத்தில் கைவைக்க யாருக்கும் நேரமில்லை,
கைகள் எல்லாம் நீருக்குள்.
மேலே வரவேண்டிய மிதவை வரவில்லை;
நூலை நான்தான் இறுக்கிச் சுற்றியிருந்தேன்.
நேசநாடு, எதிரிநாடு, நடுவர்,
மார்பளவுத் தண்ணீரில் வரிசையாக நடந்தோம்,
சேற்றைப் பாதத்தால் படித்துக்கொண்டு.
செருப்பு ஒன்று கிடைத்தது. யாருடையதோ.
டெல்மர் நின்றான்.
"பீரங்கி" என்றான். மூழ்கினான்.
எழுந்தபோது அவன் கைகளில் என் கப்பல்,
நாற்பது வழியாகக் குளத்தைத் திருப்பிக் கொடுத்தபடி.

புல்லில் கவிழ்த்து எண்ணத் தொடங்கினான்.
ஒவ்வொரு துளைக்கும் பென்சிலால் ஒரு வட்டம்.
நீர்க்கோட்டுக்கு மேலே முப்பத்தொன்று,
கோட்டில் நான்கு,
கீழே ஆறு.
எல்லாம் சுத்தமான துளை, என் மரம் விதிப்படி மரம்.
பின்முனையில் பென்சில் நின்றது.
விரலால் தடவினான்.
வட்டமில்லை அது, ஒரு கோடு,
இரு பலகைகள் சேருமிடத்தில் வாய் திறந்திருந்தது.
"வெர்னா, இது நான் போட்டதில்லை."
கணக்கில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டான்.

பென்சிலை வாங்கினேன்.
வட்டமிட்டேன்.
உள்ளே எழுதினேன், பதினேழு.
அவன் பார்த்தான், என்னவென்று கேட்கவில்லை.

நாலு மணிக்கு அடுத்த போர்.
முடி உலர்த்தும் கருவி யாரிடம் இருக்கிறது?
பேட்டரியைத் தலைகீழாகப் பிடியுங்கள்,
இன்னும் சொட்டுகிறது.