எறும்பு முட்டை கொண்டு

யோயிடோ தீவில் பதினேழாம் மாடி.
சிவப்பு என்றால் ஏற்றம் இந்த ஊரில்,
நீலம் என்றால் இறக்கம்.
இன்று திரை முழுக்க ஆழ்கடல்.

பியோன் ஹேரிமின் வேலை
விலையைப் பார்ப்பதல்ல.
விலை, பேசி முடித்த வாய்.
இன்னும் பேசாத வாய் எப்படி உலர்கிறது
என்று பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

ஏறும் என்பவர் வாங்குவது கால்.
விழும் என்பவர் வாங்குவது புட்.
புட் எத்தனை, கால் எத்தனை,
முன்னதைப் பின்னதால் வகுத்தால்
ஊரின் நாடி.
மூன்று வாரமாக 0.8, 0.9.
இன்று 1.62.

சில்லறை முதலீட்டாளரை இங்கே
எறும்பு என்று கூப்பிடுவார்கள்.
கேலி உண்டு அதில், கொஞ்சம் பாசமும்.
எறும்புகளே தம்மை அப்படித்தான் சொல்லிக்கொள்ளும்.

முட்டையைக் கவ்விக்கொண்டு
எறும்பு திட்டை ஏறினால் மழை.
சரி,
எறும்புக்குத் தெரிவது வானமா,
முன்னே போகும் எறும்பின் முதுகு மட்டுமா?

இரண்டு மணி நாற்பது.
327.5 புட்.
ஒன்று. ஒன்று. இரண்டு. ஒன்று.
தூறல்போல் ஆர்டர்கள்.
எதிர்ப்பக்கம் ஒரே கை
நாலாயிரம் விற்கிறது, அவசரமில்லாமல்,
குடைக் கடைக்காரனின் நிதானத்தோடு.

மேலாளர் குக் தேவூன் காபியோடு வந்து நின்றார்.
"ரொம்பப் பயமா?"
"ரொம்ப."
"அப்படியானால் வாங்கலாம்.
எல்லாரும் பயந்து முடித்துவிட்டால்
விற்க ஆள் மிச்சமிருக்காது."
போன மார்ச்சில் அது பலித்தது.
அதற்கு முந்தைய ஆகஸ்டில்
பயந்து முடித்தவர்கள்
இன்னொரு முறை பயந்தார்கள்.

அவளுக்குச் சந்தேகம் வேறு.
வீடு பற்றி எரியும் என்று நம்பியா
தீக்காப்பீடு எடுக்கிறோம்?
பங்கை விற்க மனமில்லாதவன்
ராத்திரி தூங்குவதற்காக வாங்கியதும்
வீழ்ச்சியின் மேல் பந்தயம் கட்டியவன் வாங்கியதும்
ஒரே கட்டத்தில், ஒரே எழுத்துருவில் விழுகின்றன.
1.62-ல் பயம் எவ்வளவு,
பிடிவாதம் எவ்வளவு?
தசமப் புள்ளி வாய் திறக்காது.

2:51. கைபேசி அதிர்ந்தது.
இஞ்சியோன் கிடங்கிலிருந்து கணவன் சோங்கில்:
"நானும் ஒன்று வாங்கிவிட்டேன், 327.5.
காலையிலேயே உன் முகம் சொல்லிவிட்டதே."

காலையில்
"இன்றைக்குச் சந்தை எப்படி?" என்று
அவன் கேட்டது உண்மை.
குனிந்து ஷூ நாடாவைக் கட்டியபடி
அவள் பதில் சொல்லாமல் போனதும் உண்மை.
அலுவலகச் சேதி வீட்டுப் படியேறாது:
பத்து வருடமாக அவள் காக்கும் விதி.
இன்று வாய் திறக்காததற்கு
விதி காரணமில்லை.
இடது கடைவாய்ப் பல்.
மூன்று நாளாகத் தெறிக்கிறது.

ஒன்று. ஒன்று. இரண்டு. ஒன்று.
ஓடிப்போன பட்டியலில் பின்னோக்கித் தேடினாள்,
எந்த ஒன்று அவன் என்று.
எல்லா ஒன்றுக்கும் ஒரே சாயல்.
யார் யாருக்கு எந்தப் பல்லோ.

மொத்தத்திலிருந்து ஒரே ஒரு புட்
கழித்து, மறுபடி வகுத்தாள்.
1.62.

நாலு மணிக்குள் ஒரு வரி போக வேண்டும்.
"சந்தை அஞ்சுகிறது" என்று எழுதி அழித்தாள்.
"அஞ்சுவதுபோல் தெரிகிறது."
அதையும் அழித்தாள்.
எண்ணை மட்டும் எழுதி,
பக்கத்தில் நேற்றைய எண்ணையும் எழுதி
அனுப்பிவிட்டாள்.

அவனுக்கு என்ன எழுத?
விற்றுவிடு என்றால் அது துப்பு.
வைத்திரு என்றாலும் துப்பு.
எழுதாமல் விட்டால்
அதையும் படித்துவிடுவான்.
"பல் வலி" என்று தட்டினாள்.

ஆற்றுக்கு மேலே மேகம் திரண்டிருந்தது,
அல்லது இந்தக் கண்ணாடிக்கே அந்த நிறம்.
வியாழன் பிற்பகல் வரை
அந்த ஒன்றுக்கு உயிர்.
பல் மருத்துவரிடம்
வெள்ளிக்கிழமைதான் நேரம் கிடைத்தது.